குறை அவர் காதில் இல்லை

என்னை நம்பி ஆம்ப்ளிஃபையரைத் திறக்கவிட்ட ஒரு பெரியவரிடமிருந்து வால்வுகளைத் திருடினேன். அவை நல்ல நிலையில் இருந்தன. ‘போயிடுச்சு’ என்று சொல்லிக் கழற்றிக்கொண்டேன். அந்த இடத்தில் என்னிடம் கிடந்த தேய்ந்த வால்வுகளைச் செருகி, புதிது என்று காசும் வாங்கினேன். சில மாதம் கழித்து, பாட்டு முன்னைப்போல் இல்லையே என்று அவர் கேட்டபோது, ‘வயசானா காது அப்படித்தான் சார்’ என்றேன். வால்வுகளைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சென்னையில் பழைய வால்வு செட்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். சிறு வயதில் ஒரு மைக் செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, சால்டரிங் பிடிக்கப் பழகி, மர்பி, புஷ், பிலிப்ஸ் ரேடியோக்களில் கை தேறியவன். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கிய பிறகு, வால்வு நம் ஊரில் சாதாரணக் கடைச் சரக்காக இருந்தது. பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் ‘பெல்’ என்று அச்சடித்த அட்டைப் பெட்டியில் புதியதை எடுத்துக் கொடுப்பார்கள். டிரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது, அந்தக் காலம் முடிந்தது. உலகம் முழுக்க இதே கதைதான். இன்று ஆம்ப்ளிஃபையர் வால்வுகளைச் செய்யும் ஆலைகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று சில இடங்களில்தான் பெரிய அளவில் ஓடுகின்றன. அதனால் 1950, 60-களில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் முல்லார்ட் செய்தவை, ஜெர்மனியின் ஊல்ம் நகரில் டெலிஃபுங்கன் செய்தவை போன்றவற்றின்மேல் ரசிகர்களுக்குத் தீராத மோகம். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே இருந்த ஒரு முல்லார்ட் ஈ.சி.சி.83, இன்று ஆலையிலிருந்து வரும் புதியதைவிடப் பல மடங்கு விலை போகும். அந்த மோகம் எனக்கும் இருந்தது. விற்றுக் காசாக்குவதைவிட, என் சொந்த ஆம்ப்ளிஃபையரில் அவை எரிய வேண்டும் என்ற ஆசைதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

பெரியவர் மயிலாப்பூர்க்காரர். 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் படித்துவிட்டுக் கப்பலில் திரும்பியபோது ஒரு லீக் ஸ்டீரியோ 20 கொண்டுவந்திருந்தார். 1958-இல் வெளியான ஆம்ப்ளிஃபையர் அது. ஒரு பக்கத்துக்குப் பத்து வாட் அளவுக்குத்தான் கொடுக்கும். வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். அதில் எட்டு வால்வுகள். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு ஜி.இசட்.34. ஸ்பீக்கரை ஓட்ட, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஈ.எல்.84. உள்ளே வரும் சன்னமான ஒலியைப் பெருக்கி அவற்றிடம் கொடுக்க மூன்று ஈ.சி.சி.83. அவர் அதில் கேட்டதெல்லாம் கர்நாடக சங்கீதம். எம்.எஸ். இசைத்தட்டுகள் ஏராளமாக வைத்திருந்தார். டி.கே. மூர்த்தியின் மிருதங்கத்துக்கென்றே சில தட்டுகளைத் தனியாக அடுக்கியிருந்தார்.

‘ஸ்பீக்கரில் ஓர் உறுமல் வருது தம்பி, பாட்டு நின்னாலும் அது நிக்க மாட்டேங்குது’ என்றுதான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். காரணம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மின்சப்ளையை வடிகட்டும் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தன. ஈ.சி.சி.83-க்கும் ஈ.எல்.84-க்கும் நடுவே நிற்கும் சிறிய கெப்பாசிட்டர்களும் கசிந்துகொண்டிருந்தன. இந்தச் சிறியவற்றின் வேலை, ஒரு பக்கத்து உயர் வோல்டேஜ், மறுபக்கத்தில் ஈ.எல்.84-இன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகாமல் தடுத்து, ஒலியை மட்டும் கடத்துவது. அது கசிந்தால் கிரிட்டில் வரக்கூடாத நேர் வோல்டேஜ் ஏறும். வால்வு அளவுக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும், உள்ளே இருக்கும் பிளேட் கனன்று சிவக்கும். பார்ப்பவர்கள் வால்வு கெட்டுவிட்டது என்று புதியதைப் போடுவார்கள். அதுவும் கொஞ்ச நாளில் கெடும். வால்வு மாற்றத் தெரிந்தவன் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. எனக்குத் தெரியும். கெப்பாசிட்டர்களை மாற்றினேன், உறுமல் நின்றது. கிரிட்டில் அளந்து பார்த்தேன், கசிவு இல்லை. வேலை அதோடு முடிந்துவிட்டது. கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

அளக்கும்போதே வால்வுகளைக் கவனித்துவிட்டேன். முல்லார்ட் என்ற பெயர் கைபட்டு அழிந்துபோயிருந்தது. பெயரை யாரும் நம்புவதில்லை. கண்ணாடிமேல் எவரும் எதையும் அச்சடித்துக்கொள்ளலாம். கண்ணாடியின் அடிவிளிம்பில், வெளிச்சத்துக்குச் சாய்த்தால் மட்டும் தெரியும் சாம்பல்நிற எழுத்து வரிகள் இரண்டு இருக்கும். அவைதான் அடையாளம். மேல்வரி வால்வு வகையைச் சொல்லும். கீழ்வரி ஆலை, ஆண்டு, மாதம், வாரம் என்று வரிசையாகச் சொல்லும். பிளாக்பர்னுக்கு ஆங்கில ‘பி’. ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான், 8 என்றால் 58-ஆ 68-ஆ என்று உள்ளமைப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். ஈ.எல்.84, ஈ.சி.சி.83 ஏழும் பிளாக்பர்ன். நான்கு ஈ.எல்.84-உம் ஒரே மாதத்தில் செய்தவை. உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தது. காற்று புகுந்திருந்தால் அது வெளுத்திருக்கும்.

‘வால்வெல்லாம் எப்படி இருக்கு?’ என்று கேட்டார். ‘டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம் சார்’ என்றேன். மறுநாள் என் ஆவோ டெஸ்டரைக் கொண்டுபோனேன். வால்வு உயிரோடு இருக்கிறதா என்பதை கிரிட் வோல்டேஜைச் சற்று மாற்றினால் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துச் சொல்லும் கருவி அது. ஈ.எல்.84-இன் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தபோது முள் பச்சைப் பகுதிக்குள் நன்றாக ஏறி நின்றது. அப்போது அவர் எனக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் ஹீட்டர் குமிழை 5 வோல்ட்டுக்குத் திருப்பி வைத்தேன். எலெக்ட்ரானை வெளியிடும் கத்தோடின் சூடு குறைந்தது, முள் மெதுவாகச் சரிந்து சிவப்பில் உட்கார்ந்தது. ‘பாருங்க சார்’ என்றேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ‘ஆமாம்பா’ என்றார். ஏழு வால்வுகளுக்கும் இதையே செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து பார்த்தார்.

எட்டாவதை, ஜி.இசட்.34-ஐ மட்டும் விட்டுவிட்டேன். அதுவும் முல்லார்ட்தான். எடுக்காததற்குக் காரணம் இரக்கம் இல்லை. மாற்றாகப் போட என்னிடம் 5யு.4 ஒன்றுதான் இருந்தது. அதே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் 3 ஆம்பியர் கேட்கும், ஜி.இசட்.34-க்கு 1.9 போதும். அந்தக் கூடுதல் சுமையில் பழைய டிரான்ஸ்பார்மர் சுட்டுக் கருகக்கூடும், மாட்டிக்கொள்வேன். இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டுத்தான் அன்று நடந்துகொண்டேன். ஏதோ ஒரு சபலத்தில் கை நீண்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க அந்த ஒரு வால்வு என்னை விடாது.

போட்டவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு ஈ.எல்.84-உம் நான்கு வெவ்வேறு ரேடியோகிராம்களிலிருந்து கழற்றியவை. அவை செய்யப்பட்டபோது நல்ல வால்வுகள்தான். பல வருஷம் உழைத்துத் தேய்ந்திருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்கு. ஈ.சி.சி.83 மூன்றும் கைக்குக் கிடைத்தவை. ஸ்டீரியோ 20-இல் முதல் ஈ.சி.சி.83-இன் ஒரு பாதி இடது பக்கத்துக்கும் மறுபாதி வலது பக்கத்துக்கும் வேலை செய்கிறது. இரைச்சல் இல்லாத, இரண்டு பாதியும் ஒத்துப்போகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே வைக்க வேண்டும். பென்சிலால் கண்ணாடியை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் தட்டிப் பார்க்கவில்லை. பாட்டு வந்தது, போதும் என்று மூடிவிட்டேன். பெட்டியில் போட்ட ஏழு வால்வுகள்மேல்தான் என் நினைப்பு முழுக்க இருந்தது.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்களையும் மறைக்கக்கூடாது. அருமை தெரியாதவரிடம் இருப்பதைவிட அருமை தெரிந்தவனிடம் இருப்பது நல்லது என்று நினைத்தேன். தினமும் எரித்துத் தீர்த்துவிடுவார், நான் என்றால் பாதுகாப்பேன் என்றும் நினைத்தேன். இரண்டும் பொய். அந்த வால்வுகளின் அருமையை வருஷக்கணக்காகக் காலையும் மாலையும் கேட்டு அறிந்தவர் அவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியின் அடியில் இருந்த எழுத்தும் அதன் சந்தை விலையும். எரிந்து பாடுவதற்காகச் செய்த ஒன்றை எரிக்கிறார் என்பதையே அவர்மேல் குற்றமாக வைத்தேன்.

சில மாதம் கழித்துப் போன் செய்தார். ‘தம்பி, மிருதங்கத்துல தொப்பி சரியா விழ மாட்டேங்குது. வலந்தலை கேக்குது, தொப்பி மட்டும் கலங்கின மாதிரி இருக்கு. ஒரு தடவை வந்து பாக்கறியா?’ போனேன். கேட்டேன். அவர் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது. காரணமும் தெரியும். ஒரு பக்கத்தின் இரண்டு ஈ.எல்.84-உம் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. அவற்றின் மின்னோட்டம் சமமாக இருந்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரும்பில் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுத்தால் இரும்பில் ஒரு மீதிக் காந்தம் நிலையாக நின்றுவிடும். அதன்பின் அந்த இரும்பால் கீழ்ச்சுருதியை முழுதாகத் தாங்க முடியாது. மேல்சுருதிக்குப் பெரிய பாதகம் வராது. தொப்பிதான் அடிவாங்கும். எந்த மீட்டரும் இல்லாமல் அவர் சொன்ன குறை அப்படியே அந்தச் சர்க்யூட்டின் குறை.

அப்போதாவது ஜோடி சேரும் வால்வுகளைப் போட்டிருக்கலாம். போட்டால், முன்பு போட்டது புதிதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதனால் பின்பக்கம் குனிந்து ஏதோ திருகுவதுபோல் பாவனை செய்துவிட்டு நிமிர்ந்தேன். ‘செட்டுல ஒண்ணும் இல்ல சார். வயசானா காது அப்படித்தான். கீழ் சத்தம்தான் முதல்ல குறையும்’ என்றேன். அதுவும் பொய். வயதில் பெரும்பாலும் முதலில் குறைவது மேல்சுருதி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘இருக்கும்பா, எனக்கும் ஆச்சு இல்லையா’ என்று சொல்லி, வந்து போனதற்குக் காசை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. பிறிதொரு வருஷம் அவர் மகள் கூப்பிட்டார். அப்பா தவறிவிட்டார், செட்டை என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். திறந்து அளந்தேன். இடது பக்கத்து ஜோடியில் ஒன்று 24 மில்லி ஆம்பியர், மற்றது 41. நான் அளந்துகொண்டிருந்தபோது அவர் தானாகப் பேசினார்: ‘கடைசில அப்பா இதைப் போடறதையே விட்டுட்டார். காது போச்சுன்னார். நான் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வயசுக்கு நல்லாவே இருக்குன்னு டாக்டர் சொன்னார். அப்பா நம்பலை. செட் ரிப்பேர் பண்றவரே சொல்லிட்டாரேன்னார்.’

டாக்டரின் சொல்லைவிட என் சொல்லை அவர் நம்பியிருக்கிறார். அதற்குமேல் மூடி வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே மகளிடம் சொன்னேன்: டெஸ்டரில் குமிழைத் திருப்பியது, வால்வுகளை எடுத்தது, காசு வாங்கியது, காதைப் பற்றிச் சொன்னது. அவர் கத்தவில்லை. ‘இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்’ என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்று மாலையே என் ஆம்ப்ளிஃபையரில் இருந்த அந்த ஏழையும் கழற்றிக் கொண்டுபோய் லீக்கில் பொருத்தினேன். வாங்கிய காசையும் வைத்துவிட்டு வந்தேன். அவர் செட்டை விற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. என்னை மன்னித்தாரா என்று கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஏமாந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்த வருஷங்களில் வேறு சிலரிடமும் இதைச் செய்திருக்கிறேன். இங்கே ஒரு டெலிஃபுங்கன், அங்கே ஒரு ஜோடி என்று. என் கையில் இன்னும் இருந்தவற்றைத் தேடிப் போய்க் கொடுத்தேன். கைமாறிப் போனவற்றுக்கு இன்றைய விலையைக் கொடுத்தேன். சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அது அவர்கள் நியாயம்.

வால்வு செட் வைத்திருப்பவர்கள் இனி என்னைப் போன்றவனிடம் ஏமாறக்கூடாது என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாடிக்கொண்டிருக்கும் வால்வை, பழசு என்ற ஒரே காரணத்துக்காக மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், கெப்பாசிட்டர்களைப் பார்த்தாயிற்றா, கிரிட்டில் வோல்டேஜ் அளந்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். டெஸ்டரில் வைக்கும்போது ஹீட்டர் குமிழ் எதில் நிற்கிறது என்று பாருங்கள், ஈ.சி.சி.83, ஈ.எல்.84 போன்ற ‘ஈ’ வரிசை வால்வுகளுக்கு அது 6.3. சாக்கெட்டில் உட்காருவதெல்லாம் மாற்று ஆகாது. ஈ.சி.சி.83-உம் அமெரிக்கர்கள் 12ஏ.எக்ஸ்.7 என்று சொல்வதும் ஒன்றுதான். ஈ.சி.சி.82 அதே துளைகளில் இறங்கும், ஆனால் அதன் பெருக்கம் ஐந்தில் ஒரு பங்குதான். ரஷ்யாவின் 6என்.2பி-யும் இறங்கும், அதற்கு ஹீட்டர் இணைப்பு வேறு, மாற்றிக் கம்பி இழுக்காமல் போட்டால் எரியவே எரியாது. ஈ.எல்.84-க்கு ரஷ்யாவின் 6பி.14பி நல்ல மாற்று. எதைப் போட்டாலும் பக்கத்துக்கு இரண்டு, அளந்து ஜோடி சேர்த்ததாக இருக்க வேண்டும். ஈ.எல்.84-இன் பிளேட் தாங்குவது 12 வாட். வீட்டு மின்சாரம் 230-ஐத் தாண்டி ஏறினால் உள்ளே எல்லா வோல்டேஜும் சேர்ந்து ஏறும். அந்த நேரத்தில் வால்வு எவ்வளவு சுமக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பெயர் போட்ட வால்வைத் தேடுவதைவிட இந்தக் கணக்கு முக்கியம். பெயரில்லாத நல்ல ஜோடி உங்கள் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றும். பெயர்பெற்ற பொருந்தாத ஜோடி அதைக் கெடுக்கும். எல்லாம் முடிந்த பிறகு, கழற்றிய வால்வைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். செத்தது என்று சொன்னாலும் அது உங்களுடையது.

இன்று நான் எதையும் உரிமையாளர் பக்கத்தில் இல்லாமல் டெஸ்ட் செய்வதில்லை. குமிழ்களை அவர்களே திருப்பிவைக்கச் சொல்கிறேன். கழற்றியதை அளவோடு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர்கள் கையில் கொடுக்கிறேன். இதனால் நான் நல்லவன் ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை. என் சொல்லை மட்டும் வைத்து யாரும் என்னை நம்ப வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகச் செய்கிறேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்க்யூட் நமக்குத் தெரியும், செட் வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செட் எப்படிப் பாடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. பாட்டு மாறிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் வயதைப் பார்க்காதீர்கள். மீட்டரை எடுத்து அளந்து பாருங்கள்.